இறங்கும் நேரத்தில் இருண்டுபோகும் திரை: விமான சிமுலேட்டரில் கிராஃபிக்ஸ் டிரைவர் கிராஷைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீடு, ஒரு சனிக்கிழமை மாலை. கேப் டவுனில் ஏறி இரண்டு மணி நேரம் ஓட்டிவந்த விமானத்தை கிங் ஷாக்கா விமான நிலையத்தின் 06-ஆம் ஓடுபாதையில் இறக்கப்போகிறான் அக்கா மகன். சக்கரம் இறங்கிவிட்டது, ஃபிளாப் முழுக்க விரிந்துவிட்டது, கரும்புத் தோட்டங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. திடீரென்று திரை கருத்தது. சத்தம் மட்டும் ஒரு நொடி இழுத்துக்கொண்டு நின்றது. அப்புறம் வெறும் டெஸ்க்டாப். "மாமா, மறுபடியும் டிரைவர் போயிருச்சு" என்றான்.

அந்த மாதத்தில் அது ஏழாவது முறை. அதற்குள் டிரைவரை நான்கு தடவை மாற்றியிருந்தான், விண்டோஸையே ஒரு தடவை புதிதாகப் போட்டிருந்தான். இரண்டு மணி நேர உழைப்பு கடைசி நிமிடத்தில் போவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை முழுமையாக எழுதுகிறேன். அவன் கணினியில் கோளாறைப் பிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது. இதே வரிசையில் போனால் உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது.

முதலில் அந்தச் செய்தியின் பொருள்

"டிரைவர் பதிலளிக்கவில்லை" என்று விண்டோஸ் சொன்னால், கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் நிரலான டிரைவர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். எய்தவன் இருக்க அம்பை நோவது போலத்தான் இது. உள்ளே நடப்பது வேறு. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. டிடிஆர் என்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு வேலை கொடுத்து 2 வினாடிக்குள் அது முடியவில்லை, பாதியில் விட்டுக்கொடுக்கவும் இல்லை என்றால், கார்டு உறைந்துவிட்டதாக எண்ணி விண்டோஸ் அதை ரீசெட் செய்துவிடும். டெஸ்க்டாப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சிமுலேட்டர் கார்டில் ஏற்றி வைத்திருந்த நிலம், மேகம், காக்பிட் எல்லாம் அந்த ரீசெட்டில் அழிந்துபோகும். அதனால்தான் அது மூடிக்கொள்கிறது. ஒரே நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் விண்டோஸும் கைவிட்டுவிடும். 116 என்ற எண்ணோடு நீலத்திரை வரும்.

கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. சூடாக இருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம், நினைவகம் நிரம்பியிருக்கலாம், வேகம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கலாம். டிரைவர் கோப்பே கெட்டும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் திரையில் வருவது ஒரே செய்திதான்.

எதையும் தொடுவதற்கு முன்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிராஷ் ஆன தேதி, நேரம், எந்த விமானம், எந்த இடம், பறக்கத் தொடங்கி எத்தனை நிமிடம், வீட்டில் அப்போது என்ன நடந்தது என்று எழுதுங்கள். இந்த வேலையை யாரும் விரும்புவதில்லை. ஆனால் எங்களைக் காப்பாற்றியது இந்த நோட்டுதான்.

அடுத்து விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கிராஷ் ஆன நிமிடத்துக்கு நேராகப் பாருங்கள். டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 இருந்தால் அது நான் மேலே சொன்ன ரீசெட். என்விடியா கார்டு என்றால் என்விஎல்டிடிஎம்கேஎம் (nvlddmkm) என்ற டிரைவர் கோப்பின் பெயரில் 14, 153 போன்ற எண்களும் வரலாம். ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற இன்னொரு பக்கமும் உண்டு. நாள்வாரியாகச் சிவப்புக் குறி போட்டுக் காட்டும். லைவ் கெர்னல் ஈவென்ட் 141 அல்லது 117 என்று அங்கே இருந்தால் அதுவும் கார்டு உறைந்ததற்கான அடையாளம்தான்.

அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண் மட்டும் இருந்து, சிஸ்டம் பகுதியில் கார்டைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், விழுந்தது பெரும்பாலும் சிமுலேட்டர்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் முதன்மை ஃபோல்டரில் லாக் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். கடைசி வரிகளில் வல்கன் டிவைஸ் லாஸ் என்று இருந்தால் கார்டு போய்விட்டது என்று பொருள். ஆனால் சிமுலேட்டரை மறுபடி திறந்ததும் பழைய லாக் அழிந்து புதியது எழுதப்படும். ஆகவே கிராஷ் ஆன கையோடு அதைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

மின்சாரமா, கார்டா?

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு எவ்வளவு மோசமாக இருந்தது என்று நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பி வந்தபோதும் அடிவாங்கிய பவர் சப்ளைகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கணினி டெஸ்க்டாப்புக்குத் திரும்பாமல் மொத்தமாக அணைந்து தானே மறுபடி எழுந்தால், சிஸ்டம் லாக்கில் கெர்னல் பவர் 41 இருக்கும். அதன் விவரத்தில் பக்செக் கோடு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை. டிரைவரை மாற்றி இதற்குத் தீர்வு கிடைக்காது. பவர் சப்ளை, கேபிள், சுவர் பிளக், யுபிஎஸ் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ கணினியை ஓட்டுகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் விஏ எண் வேறு, வாட் வேறு. வாட் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 300 வாட் இழுக்கும் கார்டு, 150 வாட் பிராசசர், மானிட்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்தால் 500 வாட்டைத் தாண்டிவிடும். இன்னொன்று, விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது சரியான சைன் அலை தருவதில்லை. இன்றைய பவர் சப்ளைகள் சில அந்த அலையில் தடுமாறும். சோதிக்கிற நாட்களில் மட்டுமாவது நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

ஒரே பயணம், ஒரே ஒரு மாற்றம்

அக்கா மகன் செய்த பெரிய தவறு, ஒரே ராத்திரியில் ஐந்து செட்டிங்கை மாற்றியது. மறுநாள் கிராஷ் வரவில்லை. எதனால் நின்றது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வந்தது.

ஒரு சோதனைப் பயணத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்தது இது: வர்ஜீனியா விமான நிலையத்தில் சின்ன விமானத்தில் ஏறி, கடற்கரையை ஒட்டித் தெற்கே மோசஸ் மபிடா ஸ்டேடியம், துறைமுகம், பிளஃப் வரை போய்த் திரும்பி, உம்லாங்கா வழியாக கிங் ஷாக்காவில் இறங்குவது. அதே வானிலை, அதே நேரம், அதே விமானம். நகரமும் கடலும் பெரிய விமான நிலையமும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக முடிந்தால்தான் அந்த மாற்றம் பலித்தது என்று நோட்டில் எழுதினோம்.

சிமுலேட்டர் பக்கம் எளிதாகப் பார்க்கக்கூடியவை

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில், நீங்கள் சேர்த்த கூடுதல் விமானங்களும் காட்சிகளும் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, காலியான புதிய ஒன்றை வையுங்கள். கிராஷுக்குப் பிறகு திறக்கும்போது சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்டால் அதுவும் இதே வேலைதான். எக்ஸ்-பிளேனில் பிளகின்களையும் கஸ்டம் சீனரியையும் வெளியே நகர்த்துங்கள். கிராஷ் நின்றால், நகர்த்தியதில் பாதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பிறகு அதில் பாதி. இருபது சேர்ப்புகள் இருந்தாலும் நாலைந்து ஓட்டத்தில் குற்றவாளி அகப்படும்.

திரை மேல் எழுதும் சின்ன நிரல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள்: டிஸ்கார்ட் ஓவர்லே, ஸ்டீம் ஓவர்லே, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) காட்டும் கருவி, ரெக்கார்டிங். மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பில் டைரக்ட்எக்ஸ் 12-இல் இருக்கிறீர்கள் என்றால் 11-க்கு மாறிப் பாருங்கள். பறந்த இடங்களின் தரவைச் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

வேகம்: நீங்கள் ஏற்றாவிட்டாலும் ஏறியிருக்கலாம்

பல கார்டுகள் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கப்படுகின்றன. மற்ற விளையாட்டில் அது தாங்கும். விமான சிமுலேட்டரோ மூன்று மணி நேரம் விடாமல் இழுக்கிறது. அதிலும் சுமை சீராக இருப்பதில்லை. முப்பதாயிரம் அடியில் லேசாக இருந்தது, பெரிய நகரத்துக்குள் இறங்கும்போது ஒரே தாவாகத் தாவும். இறங்கும் நேரத்தில் கிராஷ் அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற நிரல் எந்த நிறுவனத்தின் கார்டோடும் வேலை செய்யும். கோர் கிளாக்கை 50-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் வரை குறையுங்கள், பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலின் ஹெல்ப் மெனுவில் டிபக் மோடு என்று ஒன்று உண்டு. தொழிற்சாலை ஏற்றிய வேகத்தை அது மூல அளவுக்குக் கொண்டுவந்துவிடும். குறைத்ததும் கிராஷ் நின்றால் உங்களுக்குப் பெரிய துப்பு கிடைத்துவிட்டது: கார்டுக்கு வருகிற மின்சாரம், சூடு, இல்லையென்றால் கார்டின் சிப். எங்களுக்கும் இந்த இடத்தில்தான் நின்றது. ஆனால் நான் அவனை அங்கேயே நிறுத்த விடவில்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நோயை மறைத்து வைப்பதுதான்.

சூடு

தைப்பூசக் காவடி எடுக்கும் மாதங்களில் டர்பன் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறையே 30 டிகிரியில் இருக்கும்போது பெட்டிக்குள் போகிற காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அவன் கணினியோ மேசைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் இருந்தது.

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவசக் கருவியை ஓடவிட்டு, ஒரு முழுப் பயணத்தின் வெப்பத்தைக் கோப்பில் பதிவு செய்யுங்கள். கார்டின் பொதுவான வெப்பம் 83 டிகிரி பக்கத்தில் நிற்பது அசாதாரணம் அல்ல. ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) என்ற எண்ணையும் மெமரியின் வெப்பத்தையும் பாருங்கள். பொதுவான வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 25, 30 டிகிரி இடைவெளி இருந்தால் உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே அடிக்கடி போவது நல்லதல்ல.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ.ஆர். தாம்போ விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,700 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிடக் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. அதனால்தான் விமானம் எழும்ப அதிக நீளம் வேண்டும், ஓடுபாதையும் 4.4 கிலோமீட்டர் நீளத்தில் இருக்கிறது. அதே மெல்லிய காற்றைத்தான் உங்கள் கார்டின் ஃபேனும் தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறைவு. அறை குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல் ஃபேன் வேகத்தை ஒரு படி கூட்டி வையுங்கள்.

சுத்தம் செய்யும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். கண்டபடி சுழல விட்டால் கெடும். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் கார்டை ஒருமுறை கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை செருகுங்கள்.

கேபிள்

இதற்கு நேரம் கொடுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கேபிள்கள் சிலவற்றின் நுனியில் இரண்டு பிளக்குகள் வால்போலத் தொடர்ந்திருக்கும். கார்டில் இரண்டு இடம் இருந்தால் அந்த ஒரே கேபிளின் இரண்டு பிளக்கையும் செருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு 8 பின் பிளக்குக்கு விதிப்படி 150 வாட், தாய்ப்பலகையின் ஸ்லாட் வழியாக 75 வாட். பெரிய கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதன் சராசரியைப்போல் இரண்டு மடங்குகூட இழுக்கும். அந்த நொடியில் ஒற்றைக் கேபிளில் மின்னழுத்தம் விழும், கார்டு உறையும், விண்டோஸ் 2 வினாடி எண்ணும், திரையில் "டிரைவர்" என்று வரும்.

அவன் கணினியில் இருந்ததும் இதுதான். கட்டிக் கொடுத்தவர் ஒற்றைக் கேபிளில் விட்டிருந்தார். பவர் சப்ளைப் பெட்டியிலேயே இரண்டாவது கேபிள் உறை பிரிக்காமல் கிடந்தது. தனித்தனிக் கேபிளாகச் செருகி, கணினியை அலமாரிக்கு வெளியே எடுத்து வைத்தோம். கிளாக்கைப் பழையபடி உயர்த்தினோம். மூன்று பயணம் சுத்தம், பிறகு பத்து.

மாற்றுக் கேபிள் வாங்குவதாக இருந்தால், வேறு பவர் சப்ளையின் கேபிள் பொருந்துகிறதே என்று ஒருநாளும் செருகாதீர்கள். கார்டுப் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பவர் சப்ளைப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் வேறு. பொருட்கள் எரிந்துபோகும். புதிய கார்டுகளின் 16 பின் பிளக் என்றால் இடைவெளி தெரியாமல் கடைசிவரை அழுத்துங்கள். பிளக்கை ஒட்டியே கேபிளை வளைக்காதீர்கள்.

நினைவகம் நிரம்புவது

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி என்ற கோட்டைப் பாருங்கள். 8 ஜிபி கார்டில் அது இறங்கும் நேரத்தில் உச்சியை முட்டினால், டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள், டெரெய்ன் அளவைக் குறையுங்கள். நிழலையும் மேகத்தையும் குறைப்பதைவிட இந்த இரண்டும் நினைவகத்துக்கு அதிகம் உதவும். ராம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடமான பேஜ் ஃபைலை விண்டோஸின் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

டிரைவரைச் சுத்தமாக மாற்றும் வழி

இவ்வளவு பின்னால் இதை வைத்தது வேண்டுமென்றேதான். பலர் இதில்தான் தொடங்கி இதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளோ புது டிரைவருக்கு மறுநாளோ கிராஷ் தொடங்கியது என்று உங்கள் நோட்டு சொன்னால், நேராக இங்கே வாருங்கள்.

வேண்டிய டிரைவரை முதலில் இறக்கி வையுங்கள். மிகப் புதியதே சிறந்தது என்று இல்லை. உங்களுக்கு நன்றாக ஓடிய பழைய பதிப்பின் எண் தெரிந்தால் அதையே எடுங்கள். டிடியு என்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் இறக்குங்கள். இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள். இல்லாவிட்டால் பழையது போன மறு நிமிடமே விண்டோஸ் தானாக ஒன்றை ஏற்றிவிடும். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே டிடியு திறந்து, உங்கள் கார்டைத் தேர்ந்து, கிளீன் அண்டு ரீஸ்டார்ட். திரும்பி வந்ததும் டிரைவரை மட்டும் போடுங்கள், கூடவரும் மற்ற நிரல்கள் வேண்டாம். அப்புறம் இணையம்.

முதல் ஓட்டம் திக்கித் திக்கிப் போகும். கார்டு காட்சியை வரையப் பயன்படுத்தும் சின்ன நிரல்களான ஷேடர்கள் புதிதாகக் கட்டப்படுகின்றன. அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

இன்னும் நிற்கவில்லை என்றால்

பயாஸில், ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து ஓட்டுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் சந்தேகத்துக்குரியது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரக பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தம் வெளியிட்டது. கார்டில் இடம் இருந்தும் "வீடியோ மெமரி போதவில்லை" என்று செய்தி வருவது அந்தக் கோளாறின் அடையாளங்களில் ஒன்று. அதற்குப் பிந்தைய பயாஸைப் போடுங்கள். ஏற்கனவே பழுதான பிராசசரைத் திருத்தம் குணப்படுத்தாது, வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும்.

ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற மதிப்பை 2-இலிருந்து 8 அல்லது 10 ஆக்கும் யோசனை எங்கும் சொல்லப்படுகிறது. கனமான வேலையில் கார்டு உண்மையிலேயே கொஞ்சம் தாமதிக்கிறது என்றால் உதவும். கார்டு உறைந்தே போயிருந்தால் கருப்புத் திரையை 2 வினாடிக்குப் பதில் 10 வினாடி பார்ப்பீர்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் முடிந்த பிறகு மட்டும் தொடுங்கள்.

கடைசிச் சோதனை, கார்டை நண்பர் ஒருவரின் கணினியில் போட்டு ஓட்டுவது. அங்கேயும் விழுந்தால் கார்டுதான். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருள் பழுது என்றால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கடைக்குப் போகும்போது கார்டோடு ரசீது, 4101 தெரியும் ஈவென்ட் வியூவர் படங்கள், வெப்பப் பதிவுக் கோப்பு, இரண்டாவது கணினியில் எடுத்த வீடியோ, அப்புறம் அந்த நோட்டுப் புத்தகம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.